காக்காவை ஏன் எழுதச் சொல்றாங்க, ஆந்தைக் கூட்டை ஏன் மறைக்கச் சொல்றாங்க?

பறவை பாக்கறவங்க குரூப்ல புதுசா சேர்றவங்களுக்கு சீக்கிரமே ரெண்டு விஷயம் குழப்பமாயிடும். ஆந்தை குஞ்சோட உக்காந்திருக்கற போட்டோவ லொக்கேஷனோட போட்டா கொஞ்ச நேரத்துல அட்மின் அத எடுத்துடுவாரு, "கூட்டோட இடத்த இங்க போடாதீங்க"ன்னு தனியா ஒரு மெசேஜும் வரும். சரி, இடத்த சொல்லக் கூடாது போலன்னு விட்டா, அதே ஆளு அடுத்த நாள் "காலைல ஒரு மணி நேரம் ஏரிக்கரையில நடந்தீங்களே, காக்கா எத்தன, மைனா எத்தனன்னு லிஸ்ட் போட்டீங்களா"ன்னு கேப்பாரு. யாருக்கும் தெரிஞ்ச காக்காவுக்கு எண்ணிக்கை, இடம், நேரம் எல்லாம் வேணும், அபூர்வமா கிடைச்ச ஆந்தைக்கு வாயத் திறக்கக் கூடாதுன்னா இது என்ன நியாயம்னு கேக்கத் தோணும்.

கேள்வி நியாயமானதுதான். பதில் என்னன்னா, ஒரு பறவையப் பாத்தத நாம ரெண்டு பேர்கிட்ட சொல்றோம், தரவுகிட்ட, அதாவது எல்லாரோட பதிவையும் சேத்து வெக்கற கணக்குகிட்ட சொல்றது ஒண்ணு, மனுஷங்ககிட்ட சொல்றது ஒண்ணு. தரவுகிட்ட எல்லாத்தையும் முழுசா சொல்லணும், சாதாரணப் பறவைய இன்னும் ஒழுங்கா சொல்லணும். மனுஷங்ககிட்ட சொல்றப்போ அந்தப் பறவைக்கு ஆபத்து வருமான்னு பாத்து, இப்போ சொல்றதா ரெண்டு மாசம் கழிச்சு சொல்றதான்னு முடிவு பண்ணணும். ஒரே குரூப்ல ஒரே மெசேஜ்ல ரெண்டையும் சேத்துப் போடறப்போதான் சண்டை வருது.

முதல்ல, பதிவுன்னா என்ன

"இன்னிக்கு மீன்கொத்தி பாத்தேன்"ங்கறது செய்தி, அது இன்னும் பதிவு ஆகல. பதிவாகணும்னா இவ்வளவு வேணும்:

1. என்ன பறவை, எத்தன.
2. எந்த இடம். ஊர் பேர் போதாது, அந்த ஊர்ல எந்தக் குளம், குளத்துல எந்தப் பக்கம்ங்கற அளவுக்கு.
3. என்னிக்கு, எத்தன மணிக்கு.
4. எவ்வளவு நேரம் பாத்தீங்க, எவ்வளவு தூரம் நடந்தீங்க, எத்தன பேர் இருந்தீங்க. இதத்தான் உழைப்பு அளவுன்னு சொல்றோம்.
5. கண்டுபிடிக்க முடிஞ்ச எல்லாப் பறவையையும் எழுதிட்டீங்களா, இல்ல பிடிச்சத மட்டும் எழுதியிருக்கீங்களா.

நாலாவதும் அஞ்சாவதும்தான் நிறைய பேர் விடறது, ஆனா ஆராய்ச்சி பண்றவங்களுக்கு உயிர்நாடியே அதுதான்.

உலகம் முழுக்க இதுக்கு அதிகமா பயன்படறது இபேர்ட்ங்கற வெப்சைட்டும் ஆப்பும். அமெரிக்காவோட கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து 2002-ல ஆரம்பிச்சது, 2021-ல நூறு கோடிப் பதிவத் தாண்டிடுச்சு. அதுல லிஸ்ட் போட்டு முடிக்கறப்போ ஒரு கேள்வி வரும்: அடையாளம் தெரிஞ்ச எல்லாப் பறவையையும் சேத்துட்டீங்களா? "ஆமா"ன்னு சொன்னா அதுக்குப் பேர் முழு செக்லிஸ்ட். அடையாளம் தெரியாததையும் கண்டுபிடிச்சு எழுதணும்னு அதுக்கு அர்த்தம் இல்ல, தெரிஞ்சதுல எதையும் வேணும்னே விடலன்னு மட்டும்தான் அர்த்தம். புதுசா பாக்க ஆரம்பிச்சவர் பன்னெண்டு பறவை மட்டும் தெரிஞ்சுகிட்டு பன்னெண்டையும் எழுதினா அது முழு லிஸ்ட். இருபது வருஷ அனுபவம் இருக்கறவர் காக்காவ விட்டுட்டு நாப்பது எழுதினா அது முழு லிஸ்ட் இல்ல. இந்த ஒரு விஷயம் புரிஞ்சா பாதித் தயக்கம் போயிடும்.

எண்ண முடியலன்னா எக்ஸ்னு ஒரு எழுத்து போட அனுமதி இருக்கு, "இருந்துச்சு, எண்ணல"ன்னு அர்த்தம். ஆனா தோராயமா ஒரு எண் போடறது எக்ஸ விட எப்பவும் நல்லது. முப்பதா முப்பத்தஞ்சான்னு சந்தேகம் வந்தா வரட்டும், மூணா முந்நூறான்னே தெரியாம போறதுதான் நஷ்டம்.

காக்கா ஏன்

பாத்தத எழுதறதால பாக்காததும் பதிவாகுது. இதத்தான் புரிஞ்சுக்க வேண்டியது.

கணக்குக்கு ஒரு ஏரிய வெச்சுக்குவோம். பத்து வருஷத்துக்கு முன்னாடி அங்க 100 முழு லிஸ்ட் போட்டாங்க, அதுல 80 லிஸ்ட்ல மைனா இருந்துச்சு. இந்த வருஷமும் 100 லிஸ்ட், 50-லதான் மைனா இருக்கு. யாரும் "மைனாவக் காணோம்"னு எழுதல, ஆனா அந்த 50 லிஸ்ட்ல மைனா இல்லாததே செய்தி ஆயிடுச்சு. 80-லேர்ந்து 50-க்கு வந்தத தென்படும் வீதம் குறைஞ்சிருக்குன்னு சொல்வாங்க. இப்போ அதே ஏரியில எல்லாரும் "மைனா தான, எதுக்கு எழுதிகிட்டு"ன்னு விட்டிருந்தா என்ன ஆகும், 100 லிஸ்ட்லயும் மைனா இருக்காது, அது பறவை இல்லாததாலயா எழுதறவங்களுக்கு மனசு இல்லாததாலயான்னு பிரிச்சுப் பாக்க வழியே கிடையாது. பிடிச்சத மட்டும் எழுதின லிஸ்ட்டுகள இந்த மாதிரிக் கணக்குல சேக்க முடியாம போறது இதனாலதான். தப்பு எதுவும் இல்ல, அந்த வேலைக்கு அது உதவாது, அவ்வளவுதான்.

சாதாரணப் பறவைய யாரும் எண்ணாம விட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு பாறு கழுகுகளோட கதைய விடப் பெரிய உதாரணம் தேவையில்ல. வெண்முதுகுப் பாறு, 1980-கள்ல உலகத்துலயே அதிக எண்ணிக்கையில இருக்கற பெரிய இரைகொல்லிப் பறவை இதுதானோன்னு நெனச்ச அளவுக்கு இருந்துச்சு. அவ்வளவு சாதாரணம். 1992-க்கும் 2007-க்கும் நடுவுல இந்தியாவுல அதுல 99.9 சதவீதம் போயிடுச்சு. இந்தச் சரிவு வெளிச்சத்துக்கு வந்ததுக்குக் காரணமே, ராஜஸ்தான்ல பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவுல விபு பிரகாஷ்ங்கற ஆராய்ச்சியாளர் 1980-கள்லயே பாறுகள எண்ணி வெச்சிருந்ததுதான், பத்து வருஷம் கழிச்சு அதே இடத்துல எண்ணிப் பாத்தப்போ வித்தியாசம் முகத்துல அறைஞ்சுது. அதுக்கப்பறம் 2004-ல காரணம் தெரிஞ்சுது, மாட்டுக்குக் குடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்ட தின்ன பாறுகளோட சிறுநீரகத்தக் கெடுத்துகிட்டு இருந்துச்சு. 2006-ல அந்த மருந்த கால்நடைகளுக்குப் பயன்படுத்தறத இந்தியா தடை பண்ணுச்சு. பழைய எண்ணிக்கைன்னு ஒண்ணு இல்லாம இருந்திருந்தா இந்தச் சங்கிலியோட முதல் கண்ணியே கிடைச்சிருக்காது. "முன்னாடியெல்லாம் நிறைய இருக்கும்"னு சொல்றது ஞாபகம், அத வெச்சு ஒரு மருந்தத் தடை பண்ண முடியாது.

எண்ணுற பழக்கம் புதுசும் இல்ல. 1900-ல ஃபிராங்க் சாப்மன்ங்கற பறவையியலாளர் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்ப ஆரம்பிச்சாரு, அதுக்கு முன்னாடி அமெரிக்காவுல கிறிஸ்துமஸ் அன்னிக்கு யார் அதிகமாப் பறவை சுடறாங்கன்னு போட்டி வெப்பாங்க, அதுக்கு பதிலா எண்ணுவோம்னு சொன்னாரு, முதல் வருஷம் 27 பேர்தான். அந்தக் கணக்கும் அத மாதிரி வேற நீண்டகாலக் கணக்குகளும் இருந்ததாலதான் 1970-லேர்ந்து வட அமெரிக்காவுல கிட்டத்தட்ட 300 கோடிப் பறவைகள் கொறஞ்சுபோச்சுன்னு 2019-ல சொல்ல முடிஞ்சுது. அந்த இழப்புல பெரும்பங்கு குருவிங்க, வானம்பாடிங்க, மைனா மாதிரி யாரும் ரெண்டாவது தடவ திரும்பிப் பாக்காத பறவைங்க.

இந்தியப் பறவைகளின் நிலைங்கற அறிக்கை 2020-லயும் 2023-லயும் வந்துச்சு, ரெண்டும் சாதாரண ஆளுங்க போட்ட லிஸ்ட்டுகள வெச்சுத்தான். 2023-ல 30,000-க்கும் மேற்பட்டவங்க போட்ட சுமார் 3 கோடிப் பதிவ வெச்சு 942 இனங்களப் பாத்தாங்க. மயிலும் குயிலும் கூடியிருக்கு, மின்கம்பில உக்காந்திருக்குமே பனங்காடை, அது கொறஞ்சிருக்கு, அதோட நிலைய உலக அளவுல மறுபடி மதிப்பிடணும்னு பரிந்துரைக்கற அளவுக்கு. சிட்டுக்குருவி எல்லா இடத்துலயும் அழிஞ்சுபோச்சுன்னு எல்லாரும் நம்பிகிட்டு இருந்தப்போ, ஒட்டுமொத்தமாப் பாத்தா ஓரளவு நிலையா இருக்கு, பெருநகரங்கள்லதான் கொறஞ்சிருக்குன்னு 2020 அறிக்கை சொல்லுச்சு. இதெல்லாம் யாரோ ஒருத்தர் சலிச்சுக்காம "சிட்டுக்குருவி 6"ன்னு எழுதினதால வந்தது.

தப்பா எழுதினா என்ன நஷ்டம்

"ஒரு பறவைய தப்பா எழுதினா பெருசா என்ன ஆயிடும்"னு கேக்கறவங்களுக்கு காட்டுச் சிறு ஆந்தையோட கதைய சொல்லணும். மத்திய இந்தியாவுல மட்டும் இருக்கற சின்ன ஆந்தை. 1884-ல ஒண்ணு சேகரிச்சாங்க, அதுக்கப்பறம் நம்பகமான பதிவே இல்ல, பாடம் பண்ணி வெச்ச ஒரே ஒரு பறவைய தவிர. ரிச்சர்ட் மைனெர்ட்ஸாகன்ங்கற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1914-ல குஜராத்துல மாண்ட்வி பக்கம் சேகரிச்சதா லேபிள் ஒட்டி வெச்சிருந்தாரு. அந்த லேபிள நம்பித் தேடினவங்களுக்கு ஒண்ணும் கிடைக்கல. கடைசியில பமீலா ராஸ்முசென்ங்கற ஆராய்ச்சியாளர் அந்த மனுஷனோட சேகரிப்பையே ஆராய்ஞ்சு, இது ஜேம்ஸ் டேவிட்சன் 1880-கள்ல சேகரிச்சத அருங்காட்சியகத்துலேர்ந்து திருடி லேபிள மாத்தி ஒட்டினதுன்னு கண்டுபிடிச்சாங்க. பொய்யான அந்த இடத்த விட்டுட்டு உண்மையான பழைய பதிவுகள் சொன்ன பக்கமா தேடினாங்க. 1997 நவம்பர்ல, மகாராஷ்டிராவுல ஷாஹாதா பக்கத்துல ஆந்தை கெடச்சுது, 113 வருஷம் கழிச்சு.

நாம யாரும் மைனெர்ட்ஸாகன் மாதிரி திருடப் போறதில்ல. ஆனா ஒரு தப்பான இடம், அதோட உண்மை தெரியற வரைக்கும், ஒரு இனத்தத் தேடுறவங்கள வேற திசைக்கு அனுப்பிகிட்டே இருக்கும்ங்கறதுக்கு இத விடத் தெளிவான சாட்சி கிடையாது. லிஸ்ட வீட்டுக்கு வந்து சாயங்காலம் போடறப்போ இடம் தானா வீட்டு லொக்கேஷன எடுத்துக்கறது, ரெண்டு ஏரி பாத்துட்டு ரெண்டையும் ஒரே லிஸ்ட்ல கொட்டறது, நாள மாத்திப் போடறது, இதெல்லாம் சின்ன அளவுல அதே வேலையத்தான் செய்யுது. ரெண்டு ஏரின்னா ரெண்டு லிஸ்ட். நடந்துகிட்டே பாத்தா தூரம் 8 கிலோமீட்டருக்குக் கீழ இருக்கட்டும்னு இபேர்டே சொல்லுது, ஒரு கிலோமீட்டர் ரெண்டு கிலோமீட்டர்னா இன்னும் நல்லது, ஏன்னா பறவை எந்த மாதிரி எடத்துல இருந்துச்சுன்னு அப்போதான் தெரியும்.

ரிவ்யூவர் கேள்வி கேட்டா கோவிக்கற விஷயம் இல்ல

இதுல நிறைய மனஸ்தாபம் வருது, அதனால எப்படி நடக்குதுன்னு படிப்படியா சொல்லிடறேன்.

1. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு மாசத்துக்கும் எந்தப் பறவை எத்தன வரைக்கும் எதிர்பாக்கலாம்னு ஒரு வடிகட்டி வெச்சிருப்பாங்க.
2. உங்க லிஸ்ட்ல உள்ள பறவையோ எண்ணிக்கையோ அதத் தாண்டினா, உள்ள போடறப்பவே கொஞ்சம் விவரம் எழுதுங்கன்னு கேக்கும்.
3. அந்தப் பதிவு அந்தப் பகுதியத் தெரிஞ்ச ஒரு தன்னார்வலர்கிட்ட போகும், அவர்தான் ரிவ்யூவர். அவருக்கு சந்தேகம் இருந்தா உங்களுக்கு எழுதுவாரு.
4. உறுதியாகலன்னா அது உங்க சொந்த லிஸ்ட்ல அப்படியேதான் இருக்கும், பொது வரைபடத்துலயும் ஆராய்ச்சிக்குப் போற தரவுலயும்தான் வராது.

நாலாவது விஷயம் தெரியாமத்தான் "என் பறவைய அழிச்சுட்டாங்க"ன்னு வருத்தப்படறாங்க. அழிக்கல. போட்டோ கட்டாயமும் இல்ல, நல்லா எழுதின நாலு வரி போதும், ஆனா அந்த நாலு வரி "நல்லா தெளிவா பாத்தேன்"னு இருந்தா அதுல ஒண்ணுமே இல்ல.

நல்ல வரின்னா எப்படி இருக்கும்? வல்லூறையும் அக்காக் குயிலையும் எடுத்துக்குங்க. ரெண்டும் ஒரே அளவு, மேல சாம்பல், நெஞ்சுல செம்பழுப்பு, வால்ல பட்டை. அக்காக் குயில் பறக்கற விதமே வல்லூறு மாதிரி இருக்கும், சிறகடிச்சு சறுக்கி மேல நோக்கி ஏறி கிளையில உக்காந்து வால ஆட்டும், சின்னக் குருவிங்க அதப் பாத்து அலறும். ஆனா உக்காந்தப்பறம் அலகப் பாருங்க, வல்லூறுக்கு குட்டையா கொக்கி மாதிரி வளைஞ்ச அலகு, அக்காக் குயிலுக்கு நேரா ஒல்லியா இருக்கும். கால் வல்லூறுக்கு நீளமா மஞ்சளா தெரியும், விரல்ல நகம் தெரியும், குயிலு காலு குட்டை, கெளையோட ஒட்டிகிட்டு கிட்டத்தட்ட தெரியவே தெரியாது. "அலகு வளையாம நேரா இருந்தது, கால் வெளிய தெரியல, வாலோட பட்டைங்க நல்லா தெரிஞ்சுது"ன்னு எழுதினா ரிவ்யூவர் ஒரு கேள்வி கேக்க மாட்டாரு. வேற எந்தப் பறவையா இருக்கலாம்னு யோசிச்சு அது ஏன் இல்லன்னு எழுதறதுதான் நல்ல குறிப்பு.

மெர்லின் ஆப் 2021-லேர்ந்து சத்தத்த வெச்சுப் பறவை பேரச் சொல்ற வசதியக் குடுக்குது, புதுசா கத்துக்கறவங்களுக்கு அருமையான துணை, அதுல சந்தேகமே இல்ல. ஆனா கரிச்சான் வல்லூறு மாதிரியே கத்தும். துடுப்புவால் கரிச்சான் பல பறவைங்க குரல அடுத்தடுத்து எடுத்து விடும். ஆப் "வல்லூறு"ன்னு சொல்லும், மரத்துல இருக்கறது கரிச்சானா இருக்கும். ஆப் ஒரு பேர காட்டுச்சுன்னா அது தேட வேண்டிய பறவையோட பேரு, எழுத வேண்டிய பேரு இல்ல. கண்ணால பாத்தோ, குரல நமக்கே நல்லாத் தெரிஞ்சோ உறுதி பண்ணிட்டு எழுதுங்க, முடியலன்னா "சிறு உள்ளான் வகை", "கழுகு வகை"ன்னு பொதுப் பேரு இருக்கு, அத தாராளமா போடலாம். அனுபவம் உள்ளவங்க லிஸ்ட்லயும் அந்த மாதிரி வரிங்க நிறையவே இருக்கும்.

இப்போ அந்தக் கூட்டு விஷயம்

கூட்ட ஏன் மறைக்கணும்னு சொல்றப்போ திருட்ட மட்டும் நினைக்கறாங்க. அதுக்கு முன்னாடி வர்ற ஆபத்து, நம்ம மாதிரி நல்லெண்ணத்தோட வர்றவங்க கூட்டம்.

செம்மூக்கு ஆள்காட்டிய கிட்டத்துல பாப்போம். வெட்டவெளியில தரையில சின்னதா ஒரு பள்ளம், சுத்தி சில கல்லு, அதுல பெரும்பாலும் நாலு முட்டை, மண் நிறத்துல கரும்புள்ளியோட, கூழாங்கல்லுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது, ஒரு அடி தள்ளி நின்னா கூட கண்ணுக்குப் படாது. அந்த நிறம்தான் அதுக்கு இருக்கற முக்கியப் பாதுகாப்பு. ஒரு ஆளு நடந்து வந்தா தாய் சத்தம் போடாம எழுந்து கொஞ்ச தூரம் ஓடிட்டு, அப்பறம் பறந்து தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்தும். நாம "ஆஹா, எவ்வளவு கிட்ட பறக்குது"ன்னு கேமராவத் தூக்குவோம். கீழ முட்டை வெயில்ல கிடக்குது. சுட்டெரிக்கற வெயில்ல ஆள்காட்டி முட்டை மேல உக்காந்திருக்கறது சூடு ஏத்த இல்ல, நிழல் குடுக்க. தண்ணியில போயி வயித்து இறகுகள நனைச்சுகிட்டு வந்து முட்டைய குளிர வைக்கும். நாம கால் மணி நேரம் நின்னா அந்தக் கால் மணி நேரம் நிழலும் இல்ல, ஈரமும் இல்ல. அது கத்தற இடத்த மரத்துல உக்காந்திருக்கற காக்காவும் கவனிச்சுகிட்டு இருக்கும். இப்போ நீங்க லொக்கேஷன குரூப்ல போட்டு, அடுத்த ஞாயித்துக்கிழமை பத்து பேரு ஆளுக்குக் கால் மணி நேரம் நின்னாங்கன்னா கணக்குப் போட்டுப் பாருங்க. பத்து பேருமே நல்லவங்கதான், யாருமே தப்பு பண்ணணும்னு வரல.

இதுக்கு மேல ரெண்டு வகை ஆபத்து இருக்கு. கூண்டுல வளக்க, மாந்திரீகத்துக்கு, முட்டை சேகரிக்கன்னு பிடிக்கறவங்க ஒரு பக்கம். குரல பதிவு பண்ணி ஸ்பீக்கர்ல போட்டு பறவைய வெளிய வரவழைக்கறது இன்னொரு பக்கம், பிளேபேக்னு சொல்வாங்க. பறவைக்கு அது தன் எல்லைக்குள்ள வந்த எதிரியோட குரல், இரை தேடறத விட்டுட்டு எதிரியத் தேடும். ஒருத்தர் ஒரு தடவ போட்டா சமாளிச்சுடும், எடம் தெரிஞ்சு ஆளாளுக்குப் போட்டா தாங்காது.

அதனால மறைக்கணுமா வேணாமான்னு முடிவு பண்ண நான் வெச்சிருக்கற வரிசை இது:

1. கூடோ, குஞ்சோ, கூட்டமா வந்து அடையற எடமோ, பகல்ல ஆந்தை தூங்கற கெளையோ இருக்கா? அப்போ பொதுவுல இடம் வேணாம்.
2. பிடிச்சு விக்கறவங்க தேடற பறவையா? ஆந்தை, கிளி, பைரி வகைன்னா எந்த மாசமானாலும், அது அங்க இருக்கற வரைக்கும் வேணாம்.
3. வலசையில வழி தவறி வந்த பறவை, திறந்த நீர்ப்பரப்புல மேயுதுன்னா உடனே சொல்லலாம், சொல்லணும். அது நாளைக்கு இருக்காது, இன்னொருத்தர் பாத்து உறுதி பண்ணா பதிவுக்கே பலம். ஆனா களைச்சுப் போயி வந்து தரையில ஒடுங்கி உக்காந்திருந்தா கொஞ்சம் பொறுங்க.
4. தனியாருக்குச் சொந்தமான நிலமா? உரிமையாளர் சம்மதம் இல்லாம இடம் சொன்னா, அடுத்த வாரம் அவர் வேலி போட்டு எல்லாரையும் சேத்து வெளிய தள்ளுவாரு.
5. இதுல எதுவும் இல்லன்னா, காக்கா மைனா மாதிரி தாராளமா போடுங்க.

மறைக்கறதுலயும் அளவு இருக்கு

மறைக்கறதுன்னா பதிவு பண்ணாம விடறதுன்னு சிலர் எடுத்துக்கறாங்க, அதுல எனக்கு சுத்தமா உடன்பாடு இல்ல. ஒரு சதுப்பு நிலத்த மண்ணு கொட்டி மூடப் போறாங்கன்னு வரட்டும், அங்க என்ன இருக்குன்னு கேக்கறப்போ "தெரியும், ஆனா யாரும் எழுதி வெக்கல"ன்னா அந்தப் பறவைக்கு வாதாட ஒரு காகிதம் கூட கையில இருக்காது. தரவுல இருக்கணும், பொதுவுல தெரியக் கூடாது, இது ரெண்டும் ஒரே நேரத்துல முடியும்.

இபேர்ட்ல ஆபத்துல இருக்கற சில இனங்கள உணர்திறன் பட்டியல்ல வெச்சிருக்காங்க. அதப் பதிவு பண்ணா துல்லியமான இடம் உள்ள சேமிப்புல இருக்கும், வெளிய பாக்கறவங்களுக்கு 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் கட்டம்தான் தெரியும், 400 சதுர கிலோமீட்டர்ல எங்கயோ. ஐநேச்சுரலிஸ்ட்ங்கற இன்னொரு பதிவு ஆப்ல மங்கலாக்கற வசதி இருக்கு, அட்சரேகை தீர்க்கரேகையில 0.2 பாகை அகலமுள்ள கட்டத்துக்குள்ள ஏதோ ஒரு புள்ளியக் காட்டும். பட்டியல்ல இல்லாத பறவையோட கூட்டுக்கு இந்தத் திரை தானா வராது, அத நாமதான் போடணும். இபேர்ட்ல லிஸ்ட்டையே பொதுப்பார்வையிலேர்ந்து மறைச்சு வெக்கலாம், பின்னாடி திறந்து விடலாம்.

ரகசியம் மட்டும் காப்பாத்திடும்னும் நினைச்சுடாதீங்க. ஸ்காட்லாந்துல விராலடிப்பான்ங்கற மீன் பிடிக்கற கழுகு முழுசா அழிஞ்சுபோயி 1950-கள்ல திரும்ப வந்து கூடு கட்ட ஆரம்பிச்சுது, லாக் கார்டன்ங்கற ஏரிப் பக்கம். பிரிட்டனோட பறவைப் பாதுகாப்புக்கான அரச சங்கம் எடத்த ரகசியமா வெச்சு காவலும் போட்டுச்சு. அப்படியும் 1958-ல ஒரு ராத்திரி ஒருத்தன் மரம் ஏறி முட்டைய எடுத்துட்டான், கூட்டுல ஷூ பாலிஷ் தடவின கோழி முட்டைய வெச்சுட்டுப் போயிட்டான். அடுத்த வருஷம் அந்தச் சங்கத்தோட ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் நேர் எதிரா ஒரு முடிவெடுத்தாரு. இடத்த ஊருக்கே சொல்லிட்டு, தூரத்துல மறைவிடம் கட்டி, தொலைநோக்கி வெச்சு, காவலையும் கூட்டி, வாங்க வந்து பாருங்கன்னு அழைச்சாரு. 1959-ல சுமார் 14,000 பேர் வந்தாங்க. கூடு பிழைச்சுது, குஞ்சுங்க பறந்து போச்சு. அவ்வளவு கண்ணு பாத்துகிட்டு இருக்கற மரத்துல திருடன் ஏற முடியாது, ஆனா அந்த 14,000 பேரையும் தூரத்துல நிறுத்தி வெக்க ஆளு இருந்தாங்கங்கறதுதான் இதுல முக்கியம். நம்ம குரூப் மெசேஜுக்கு அப்படிக் காவல் கிடையாது, அதனால காவல் இல்லாத கூட்டுக்கு ரகசியம்தான் இப்போதைக்கு வேலி.

குரூப்ல போடறப்போ

முதல்ல போட்டோ. மொபைல்ல எடுத்த படத்துக்குள்ள ஜிபிஎஸ் விவரம் ஒட்டிகிட்டு இருக்கும். வாட்ஸ்அப்ல சாதாரணப் படமா அனுப்பினா அந்த விவரம் போயிடும், ஆனா "தரம் கொறைய வேணாம்"னு டாக்குமெண்டா அனுப்பினா அப்படியே போகும். இடம் சொல்லாம கூட்டுப் படம் அனுப்பறேன்னு நினைச்சுகிட்டு இடத்தையும் சேத்து அனுப்பறது இப்படித்தான் நடக்குது. பின்னாடி தெரியற கோபுரம், பாலம், மதகு, இதெல்லாமும் இடம் சொல்லும், அந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு பார்வை போதும்.

சொல்லலாம்னு முடிவான பறவைன்னா முழுசா சொல்லுங்க. "அங்க ஒரு நல்ல பறவை வந்திருக்கு"ங்கற மெசேஜால யாருக்கும் பிரயோஜனம் இல்ல, பத்து பேரு "எங்க, எங்க"ன்னு கேக்கறதுதான் மிச்சம். இப்படி இருந்தா போதும் (ஆண்டிக் கோட்டான்ங்கறது ஆந்தை இல்ல, சேத்துல மேயற கரைப்பறவை): "ஆண்டிக் கோட்டான் 2, வடக்குக் கரை மதகுலேர்ந்து இடது பக்கம் சேத்துத் திட்டுல, காலை 7.10, மேஞ்சுகிட்டு இருக்கு, கரை மேல நின்னாலே தெரியுது, கீழ இறங்க வேணாம்." எவ்வளவு தூரத்துல நிக்கணும்னு முதல்ல பாத்தவர் சொல்லிட்டா பின்னாடி வர்றவங்க பெரும்பாலும் கேப்பாங்க, அந்தக் கடைசி வரிய விடாதீங்க.

பதினோரு மணிக்குப் போயி பாத்தேன், இல்லன்னா அதையும் போடுங்க. "பாக்கல"ன்னு போடறது தோல்வி மாதிரித் தோணி நிறைய பேர் விட்டுடறாங்க, ஆனா தூரத்துலேர்ந்து கிளம்பப் போறவருக்கு அந்த நாள்ல கிடைக்கற பெரிய உபகாரம் அந்த ஒரு வார்த்தைதான், நீங்க போட்ட முழு லிஸ்ட்ல அந்தப் பறவை இல்லாததும் அதே செய்தியத்தான் தரவுக்குச் சொல்லுது.

நாலு பேரு சேர்ந்து போனா ஒருத்தர் லிஸ்ட் போட்டு மத்த மூணு பேருக்கும் இபேர்ட்லயே பகிர்ந்துடுங்க. ஆளுக்கு ஒண்ணு தனித்தனியா போட்டா அந்த ரெண்டு ஆண்டிக் கோட்டானும் தரவுல எட்டு ஆயிடும். பகிர்ந்த லிஸ்ட்ல அவங்கவங்க பாக்காத பறவைய அவங்கவங்க நீக்கிக்கலாம், அந்தத் திருத்தம் மத்தவங்க லிஸ்ட பாதிக்காது.

அப்பறம் அந்த ஆந்தைக் கூடு. அன்னிக்கே லிஸ்ட் போடுங்க, சரியான இடத்தோட, குஞ்சு எத்தனன்னு குறிப்போட, போட்டுட்டு மறைச்சு வையுங்க. மொபைல்ல ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஒரு ரிமைண்டர் வெச்சுக்குங்க. குஞ்சுங்க பறந்து, அந்தப் பொந்து காலியானதுக்கப்பறம் ரிமைண்டர் அடிக்கும், அப்போ லிஸ்டத் திறந்து பொதுவுல விட்டுடலாம். ஆந்தை வருஷா வருஷம் அதே பொந்துக்குத் திரும்ப வர்ற இனம்னா மட்டும் திறக்கறதுக்கு முன்னாடி அந்தப் பகுதி ரிவ்யூவருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுக்குங்க.